அர்வரி ஆற்றைத் திரும்பக் கொண்டுவந்தது எது?

அர்வரி ஆற்றின் கதையை நீங்கள் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். வாட்ஸப் ஃபார்வர்டாக வந்திருக்கும், இல்லையென்றால் ஏரி தூர்வாரும் விழா மேடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டம். 1985. ஆயுர்வேதம் படித்த ராஜேந்திர சிங் என்ற இளைஞர் அரசு வேலையை விட்டுவிட்டு, சில நண்பர்களோடு தானாகாஜி பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிறார். வைத்தியம் பார்க்கலாம், பள்ளிக்கூடம் நடத்தலாம் என்பது திட்டம். ஊர்ப் பெரியவர் ஒருவர், அதெல்லாம் இருக்கட்டும், முதலில் தண்ணீருக்கு வழி செய் என்று சொல்லிவிடுகிறார். தூர்ந்து கிடந்த பழைய ஜோஹட் ஒன்றை வெட்டி ஆழப்படுத்துகிறார்கள். மழை பெய்கிறது, கிணறு ஊறுகிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். ஜோஹட்டுகள் நூறாகி ஆயிரமாகின்றன. பத்து வருஷத்தில், செத்துப் போன அர்வரி ஆறு வருஷம் முழுக்க ஓட ஆரம்பிக்கிறது.

இதைச் செய்த அமைப்பின் பெயர் தருண் பாரத் சங். ராஜேந்திர சிங்குக்கு 2001-இல் மகசேசே விருது கிடைத்தது, 2015-இல் ஸ்டாக்ஹோம் நீர் விருது. அமைப்பின் கணக்குப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் 8,600 ஜோஹட்டுகள், உயிர் பெற்ற ஆறுகள் ஐந்து.

இந்தக் கதை பொய் என்று சொல்ல நான் வரவில்லை. பெரும்பகுதி உண்மைதான். ஆனால் "குளம் வெட்டினார்கள், ஆறு வந்தது" என்று சுருக்கிச் சொல்லும்போது நடுவில் ஒரு பெரிய துண்டு காணாமல் போகிறது. என் வாசிப்பில், அந்த விடுபட்ட துண்டுதான் அந்த அமைப்பு செய்ததிலேயே முக்கியமான வேலை. அதை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் மற்ற ஊர்களில் குளம் இருக்கும், ஆறு இருக்காது.

ஜோஹட் என்ன செய்கிறது?

ஜோஹட் என்பது சரிவின் குறுக்கே பிறை வடிவத்தில் போடும் மண்கரை. நம்ம ஊர் ஊருணிக்கும் சின்ன ஏரிக்கும் நடுவில் வைக்கலாம். ஆனால் நோக்கத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஏரியில் மடை வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகும். ஜோஹட்டில் பெரும்பாலும் மடையே கிடையாது. தேங்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும், அவ்வளவுதான். எடுப்பதெல்லாம் கிணற்றிலிருந்து.

ஆல்வாரில் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. அதுவும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை, சில பலத்த மழைகளாகக் கொட்டிவிடும். ஆரவல்லிக் குன்றுகள் மொட்டையாக இருந்தால் அந்தத் தண்ணீர் சில மணி நேரத்தில் ஓடிப் போய்விடும். ஜோஹட் அந்த ஓட்டத்தைப் பிடித்து வைத்து, மெதுவாக நிலத்தடிக்கு அனுப்புகிறது.

சரி, இதனால் ஆறு எப்படி ஓடும்? இங்கேதான் கவனிக்க வேண்டும். மழை இல்லாத மாதங்களில் ஒரு சின்ன ஆற்றில் ஓடுவது நிலத்தடி நீர்தான். நீர்மட்டம் ஆற்றுப் படுகையைவிட உயரமாக இருந்தால், பக்கவாட்டிலிருந்து ஆற்றுக்குள் கசிந்து வரும். மட்டம் படுகைக்குக் கீழே போனால் கசிவு நின்றுவிடும். ஆற்றில் தண்ணீர் விட்டால்கூட அது மண்ணுக்குள் போய்விடும். ஆக, கோடையில் அர்வரி ஓடுகிறது என்றால், அந்த வட்டாரத்துக் கிணறுகள் எல்லாம் இறைத்தது போக மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

இதை இன்னொரு தடவை படியுங்கள். ஜோஹட் வரவை மட்டும்தான் கூட்டுகிறது. மிச்சம் எவ்வளவு என்பது செலவைப் பொறுத்தது. செலவு என்பது மோட்டார், பயிர், பாசனப் பரப்பு. நீர்மட்டம் ஏறினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? இரண்டாம் போகம் போடுவார்கள், இன்னொரு கிணறு வெட்டுவார்கள். அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. வறண்ட ஊரில் பிழைப்புக்கு வழி தெரிந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

முன்னும் பின்னும்

மென்பொருள் வேலையில் ஒரு பாலபாடம் உண்டு. ஒரு மாற்றத்தைப் போட்ட பிறகு சிஸ்டம் வேகமானால், அந்த மாற்றத்தால்தான் வேகமானது என்று உடனே சொல்லக் கூடாது. அதே நேரத்தில் லோடு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆற்றுக்கு லோடு என்பது மழை.

வேலை தொடங்கியது 1980களின் நடுவில், ராஜஸ்தான் கடுமையான வறட்சியில் இருந்த நேரம். 1987 அகில இந்திய அளவிலும் மோசமான வறட்சி ஆண்டுகளில் ஒன்று. அதன் பிறகு 1988 முதல் 2001 வரை நாட்டளவில் பருவமழை ஒரு வருஷம்கூடப் பெரிதாகப் பொய்க்கவில்லை. அர்வரி திரும்ப ஓடத் தொடங்கியதாகச் சொல்லப்படும் 1990களின் நடுப்பகுதி இந்த நல்ல காலத்துக்குள்தான் வருகிறது. அதாவது, "முன்" படத்தை மோசமான வறட்சியிலும் "பின்" படத்தை நல்ல மழைக்காலத்திலும் எடுத்திருக்கிறோம். எந்த வேலையும் செய்யாத ஊரிலும் இந்த இரண்டு படங்களுக்கு நடுவே கொஞ்சம் பச்சை கூடியிருக்கும்.

அதனால் ஜோஹட்டுக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. 1990களின் கடைசியில் ராஜஸ்தான் மறுபடி வறட்சியில் மாட்டியபோது, ஜோஹட் உள்ள ஊர்களின் கிணறுகளில் தண்ணீர் இருந்ததையும் பக்கத்து ஊர்கள் டேங்கர் லாரியை நம்பி இருந்ததையும் அப்போதைய பத்திரிகைகள் எழுதின. ஒரே மழை, இரண்டு விதமான ஊர். இது நல்ல ஒப்பீடு. 1996-இல் பொறியாளர் ஜி.டி. அகர்வால் ஆல்வாரின் 36 கிராமங்களில் இந்தக் கட்டுமானங்களை ஒரு பொறியாளரின் கண்ணோடு மதிப்பிட்டார். கங்கைக்காக உண்ணாவிரதம் இருந்து 2018-இல் உயிர்விட்ட அதே அகர்வால்தான். ஊர்க்காரர்கள் தங்கள் அறிவைக் கொண்டு கட்டியவை குறைந்த செலவில் நன்றாகவே வேலை செய்கின்றன என்பது அவர் கண்டது.

என் குறை என்னவென்றால், பொதுவெளியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இந்தக் கவனமான ஒப்பீடு இல்லை, அந்த இரண்டு படங்கள்தான்.

அளந்து பார்த்தவர்கள்

சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளெண்டென்னிங், வெர்வூர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அர்வரி வடிநிலத்தை எடுத்து, 2010-லும் 2011-லும் இரண்டு பகுதிகளாக ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். முதல் பகுதி களத்தில் அளந்தது, இரண்டாவது முழு வடிநிலத்துக்குமான கணினி மாதிரி. இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியவை இவை.

களத்தில் கிடைத்த முக்கியமான எண்: வடிநிலத்தில் பெய்யும் மழையில் சுமார் 7 சதவீதம் இந்தக் கட்டுமானங்கள் வழியாக நிலத்தடிக்குப் போகிறது. ஒப்பீட்டளவில் மழை கூடிய வருஷம், குறைந்த வருஷம் இரண்டிலும் ஏறக்குறைய இதே விகிதம்தான்.

7 சதவீதம் என்பது பெரிசா, சின்னதா? ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்ப்போம். வடிநிலத்தின் பரப்பு 476 சதுர கிலோமீட்டர். மழை 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 7 சதவீதம் என்பது 42 மில்லிமீட்டர். பெருக்கினால் சுமார் 2 கோடி கன மீட்டர். நமக்குப் பழகிய அளவில் 0.7 டிஎம்சி. மேட்டூரின் 93 டிஎம்சி பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு ஹெக்டேர் கோதுமைக்குச் சுமார் 4,000 கன மீட்டர் பாசனம் வேண்டும் என்று எடுத்துக்கொண்டால், இது 5,000 ஹெக்டேருக்கு வரும். மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் மலையடிவார ஊர்களுக்கு இது வாழ்க்கையையே மாற்றக்கூடிய தண்ணீர். பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்கள் என்றால் நம்பலாம்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாசனப் பரப்பு பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் அந்த 7 சதவீதம் அங்கேயே தீர்ந்துவிடும். ஆற்றுக்கு ஒரு சொட்டு மிஞ்சாது.

இரண்டாம் பகுதியின் முடிவு இன்னும் கூர்மையானது. ஜோஹட்டுகள் கிணற்றுப் பாசனத்தின் நிலைத்தன்மையைக் கூட்டுகின்றன, அதற்கு விலையாக ஆற்றின் நீரோட்டம் குறைகிறது. ஒரு எல்லைக்குப் பிறகு மேலும் மேலும் கட்டினாலும் நிலத்தடிக்குக் கூடுதல் பலன் இல்லை, நீரோட்டம் மட்டும் குறைந்துகொண்டே போகும். "எவ்வளவு கட்டினாலும் நல்லதுதானே?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். கட்டுமானங்களின் எண்ணிக்கையை ஸ்கோர் மாதிரிச் சொல்வது ஏன் ஆபத்து என்பதும் இதில் இருக்கிறது.

அந்த மாதிரி சொல்வது மாதிரியின் முடிவு, நேரடி அளவீடு இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நிலத்தடிப் பாறை அமைப்பைப் பற்றிய தரவு போதாது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் தண்ணீர்க் கணக்கு எங்கும் ஒன்றுதான். மேலே பிடித்து வைத்துப் பயிருக்குக் கொடுத்தது கீழே போகாது.

கடைமடைக்காரர் யார்?

ஏரிச் சங்கிலி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். மேல் ஊர்க்காரர்கள் கலங்கலை ஒரு முழம் உயர்த்தினால் கீழ் ஊரில் அருவாள் தூக்குவார்கள். "மழைநீரைச் சேமிப்போம்" என்ற வாசகத்தில் அந்தக் கீழ் ஊருக்கு இடமே இல்லை.

ஆல்வாரில் இந்தச் சண்டை நிஜமாகவே நடந்தது. 2001-இல் லாவா கா பாஸ் என்ற ஊரில் மக்கள் தருண் பாரத் சங்கின் உதவியோடு ஒரு தடுப்பணை கட்டினார்கள். பாசனத் துறை அதைச் சட்டவிரோதம் என்று சொல்லி, பாதுகாப்பு இல்லை, இடிக்க வேண்டும் என்றது. அரசு சொன்ன காரணங்களில் இன்னொன்றும் இருந்தது: ரூபாரேல் ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்ள 1910-இல் ஆல்வார், பரத்பூர் சமஸ்தானங்களுக்கு இடையே போட்ட ஒப்பந்தம். கீழே பரத்பூருக்குப் போக வேண்டிய தண்ணீரை மேலே மறிக்கக் கூடாது என்பது வாதம்.

நாடு முழுவதும் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் ஊர்மக்கள் பக்கம் நின்றார்கள். ஒரு சின்ன அணையை இடிக்க நூறு வருஷத்துக்கு முந்திய மன்னர் காலத்துக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வரும் அரசைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். எனக்கும் வருகிறது. பெரிய அணைகள் கட்டும்போது இந்த அக்கறை எங்கே போயிருந்தது? ஆனால் கேள்வி கேட்டவர் யோக்கியரா இல்லையா என்பது வேறு, கேள்வி சரியா என்பது வேறு. ஓர் அணை பெரிசாக எதையும் மறிக்காது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் மறிக்கும். ஒன்றை மட்டும் காட்டி "இத்தனூண்டு அணை" என்று வாதாடுகிறவர்கள், விருது மேடையில் மொத்த எண்ணிக்கையைச் சொல்லும்போது கூட்டுவிளைவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2008-இல் தினேஷ் குமார் உள்ளிட்டோர் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் எழுதிய கட்டுரை இதே கேள்வியை இந்தியாவின் வறண்ட வடிநிலங்கள் எல்லாவற்றுக்கும் விரித்தது. அதன் தொனி எனக்குக் கொஞ்சம் கடுமையாகப் படுகிறது. கேள்வியைத் தள்ள முடியவில்லை.

விடுபட்ட துண்டு

இப்போது அந்தத் துண்டுக்கு வருவோம்.

1996-இல், திரும்ப ஓட ஆரம்பித்த அர்வரியில், ஹமீர்பூர் ஊருக்குப் பக்கத்தில் மீன்கள் பெருகின. மாநில மீன்வளத் துறை அங்கே மீன்பிடி குத்தகை விட்டது. ஊர்மக்கள் கொதித்துப் போனார்கள். ஆறு வறண்டு கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள், தண்ணீர் வந்ததும் சொந்தம் கொண்டாடுகிறார்களே! போராட்டம் நடந்து, குத்தகை ரத்தானது. ஆனால் ஒரு கேள்வி எழுந்துவிட்டது. ஆறு யாருடையது? அரசுடையது இல்லை என்றால், நம்முடையது என்று சொல்லும் நாம் அதை எப்படி நிர்வகிக்கப் போகிறோம்?

இதற்கு அவர்கள் கண்ட பதில், 1999-இல் ஹமீர்பூரில் தொடங்கிய அர்வரி சன்சத். ஆற்றங்கரையைச் சேர்ந்த சுமார் எழுபது கிராமங்களின் பிரதிநிதிகள் கூடும் ஒரு நாடாளுமன்றம். அது போட்ட விதிகளைப் பாருங்கள். கரும்பு, நெல் மாதிரித் தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிர் வேண்டாம். ஹோலிக்குப் பிறகு, மழைக்காலம் வரும் வரை ஆற்றிலிருந்து நேரடியாக இறைக்கக் கூடாது. தண்ணீரை விற்கக் கூடாது. வெளியாளுக்கு நிலம் விற்கக் கூடாது. மேய்ச்சலுக்கும் மரம் வெட்டுவதற்கும் கட்டுப்பாடு.

இந்த விதிகள் பெரும்பாலும் எதைப் பற்றியவை? செலவைப் பற்றி! வரவைக் கூட்டுவதோடு வேலை முடியாது என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. சிட்னிக்காரர்கள் மாதிரி போட்டுக் கண்டுபிடிப்பதற்குப் பத்து வருஷம் முன்பே தெரிந்திருக்கிறது. மேல் ஊர், கீழ் ஊர் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தது கடைமடைக் கேள்விக்கும் பதிலின் தொடக்கம், குறைந்தபட்சம் அந்த 476 சதுர கிலோமீட்டருக்குள்.

இன்னொரு வேலையும் இப்படிப்பட்டதுதான். சரிஸ்கா புலிகள் காப்பகத்துக்குள் நடந்த சுரங்கத் தொழிலை எதிர்த்துத் தருண் பாரத் சங் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1991-இல் தொடங்கிய அந்த வழக்கு சுரங்கங்களை நிறுத்தியது. 1992-இல் மத்திய அரசு ஆரவல்லியில் சுரங்கத்தைக் கட்டுப்படுத்தும் அறிவிக்கையும் வெளியிட்டது. மலையைத் தோண்டிப் பள்ளமாக்கிக்கொண்டே அடிவாரத்தில் குளம் வெட்டினால் என்ன நிற்கும்? இதற்குத் தேவைப்பட்டது மண்வெட்டி இல்லை. வக்கீலும், மிரட்டலைத் தாங்கும் நெஞ்சும்.

வரவைக் கூட்டுதல், செலவைக் கட்டுதல், வடிநிலத்தைக் கெடுப்பவரைத் தடுத்தல் என மூன்று கால்கள். நம் மேடைகளில் முதல் கால் மட்டும்தான் பேசப்படுகிறது. ஏன் என்று யூகிப்பது கஷ்டம் இல்லை. ஜேசிபி வைத்துக் குளம் வெட்டினால் ஃபோட்டோ வரும், நிதி வரும், யாரோடும் பகை வராது. கரும்பு போடாதே என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பேசமாட்டார். 2016-இல் ராஜஸ்தான் அரசே ஜல் ஸ்வாவலம்பன் அபியான் என்ற பெயரில் ஊர் ஊராக நீர்க் கட்டுமானங்களைக் கட்டும் பெரிய திட்டத்தைத் தொடங்கியது. கட்டுமானத்தை அரசாணை போட்டு நகலெடுக்கலாம். சன்சத்தை அப்படி நகலெடுக்க முடியாது.

சன்சத்தின் பலவீனம்

சன்சத்தையும் புனிதமாக்கிவிட வேண்டாம். அதற்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் வழி வந்த புரிதல்படி, நிலம் யாருடையதோ அதன் அடியில் இருக்கும் தண்ணீரை இறைக்கும் உரிமையும் அவருடையது. ஒருவர் போர் போட்டு இரவு பகலாக இறைத்தால் சன்சத் வெட்கப்பட வைக்கலாம், ஊர்க்கட்டுப்பாடு போடலாம். அதற்கு மேல் என்ன செய்யும்? ஊர்க்கட்டுப்பாடு என்பது சாதியும் நிலவுடைமையும் கலந்தது என்பதையும் நாம் அறிவோம். நிலமில்லாதவருக்கு ஏறிய நீர்மட்டத்தால் என்ன கிடைத்தது என்பது தனிக் கட்டுரைக்கான கேள்வி.

ஆல்வார் மாவட்டத்தின் பெரும்பாலான வட்டாரங்களை மத்திய நிலத்தடி நீர் வாரியம் இன்றும் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்றுதான் வகைப்படுத்துகிறது. இதை வைத்து ஜோஹட் தோற்றுவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. வரவு கூடினாலும் செலவுக்குக் கடிவாளம் இல்லாத இடத்தில் கணக்கு இப்படித்தான் முடியும் என்று படிக்கிறேன்.

அடுத்த தடவை யாராவது, எந்த ஊரிலாவது, "செத்த ஆற்றை உயிர்ப்பித்தோம்" என்று சொன்னால் கேட்க நான்கு கேள்விகள் வைத்திருக்கிறேன். முன்-பின் படங்கள் எடுத்த வருஷங்களில் மழை எவ்வளவு? வேலை நடக்காத பக்கத்து வடிநிலம் அதே காலத்தில் எப்படி இருந்தது? ஆற்றின் கடைசி ஊரில் யாரையாவது கேட்டீர்களா? கிணறு ஊறிய பிறகு எவ்வளவு இறைக்கலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? முதல் மூன்றுக்கும் எண்கள் வேண்டும், அவற்றைத் தேடி எடுத்துவிடலாம். நான்காவதுக்கு ஓர் ஊர்க்கூட்டம் வேண்டும். ஹமீர்பூர்க்காரர்களிடம் அது இருந்தது.